எல்லாம் சரியாக இருந்த ஆய்வகம்

என் கணவருக்கு என்மீது ஒரு நிரந்தரப் புகார் உண்டு. கடையில் தயிர் வாங்கினால் நான் பாக்கெட்டில் தேதி பார்ப்பேனாம். தேதி சரியாக இருந்தால், அதை ஒட்டியது யார் என்று பார்ப்பேனாம். இது கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பல வருஷம் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்த வேலையில் புதுக்கோட்டை மாவட்டத்து அரசு ஆய்வகங்களைப் பார்வையிடச் சேர்ந்தேன். வீட்டில் திட்டு வாங்கித் தந்த அந்தக் குணம்தான் அங்கே எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தது.

வேலை கேட்க எளிமையாக இருக்கும். ரத்தம், சளி, சிறுநீர் பரிசோதிக்கும் ஆய்வகங்களுக்குப் போக வேண்டும். எந்தெந்த நோயை அவர்களால் கண்டுபிடிக்க முடிகிறது, என்ன கருவி இருக்கிறது, அது ஓடுகிறதா, ஆள் போதுமா, கரண்ட் நிற்கிறதா, என்னென்ன தேவை என்று பார்த்து எழுத வேண்டும். கொரோனா வந்து எல்லோரையும் ஆட்டிவிட்டுப் போன பிறகு, இன்னொன்று வந்தால் நம் ஆய்வகங்கள் தாங்குமா என்ற கேள்வி மேலே இருப்பவர்களுக்கு வந்திருந்தது. நல்ல கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் அது நல்ல கேள்வியாகப் படவில்லை.

போன இடத்திலெல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை. டீ வரும், பிஸ்கட் வரும், ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போடுவார்கள். ஆனால் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் யாராவது வந்து நின்றுகொள்வார்கள். அலமாரியைப் பார்த்தால் அலமாரிக்கு முன்னால் ஒரு ஆள். வாஷ்பேசினைப் பார்த்தால் அங்கே ஒரு ஆள். "என்ன தேவைன்னு சொல்லுங்க" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது, "ஒரு ஃபேன் இருந்தா நல்லாருக்கும் மேடம்" என்பார்கள். நோய் கண்டுபிடிக்கிற இடத்துக்கு ஒரு ஃபேன் மட்டும்தான் தேவையா என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்த ஆய்வகம் கீரமங்கலத்துக்கும் அறந்தாங்கிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சின்ன அரசு ஆஸ்பத்திரி, பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை. அதுதான் ஆய்வகம். வேலை பார்த்தது ஒரே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை, கட்டிக்கொடுத்தது இங்கே. ஊர்க்காரர்கள் அவரை 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வயசான ஆண்கள்கூட அப்படித்தான்.

நான் போன முதல் நாள் அந்த அறையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. காரணம், அது அவ்வளவு சுத்தமாக இருந்தது. தரை ஈரம் காயவில்லை. மைக்ராஸ்கோப்புக்குப் புதிதாக ஒரு பூப்போட்ட உறை. சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம், ஒட்டிய பசை இன்னும் மினுமினுத்துக்கொண்டிருந்தது. மருத்துவ அலுவலர் இளைஞர், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். நான் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார்.

"எல்லாமே ஓகே மேடம். தேவைன்னு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லங்க மேடம்."

நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளேயிருந்து நல்ல குளிர் முகத்தில் அடித்தது. பரிசோதனை அட்டைகள் இருந்த பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பின்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருந்தார்கள். கதவை மூடிய பிறகுதான் ஒன்று உறைத்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

"ஓடுதா இது?"

"ஓடுது மேடம்" என்றார் லேப் அக்கா.

"சத்தமே இல்லையே?"

"புது மாடல் மேடம். சத்தம் வராது."

புது மாடலின் அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் குனிந்து பார்ப்பதற்குள் மருத்துவர், "மேடம், வெயிட்டிங் ஹால் பாக்கலாம் வாங்க, இங்கிட்டு" என்று முன்னால் நடந்துவிட்டார்.

எங்கள் வேலையில் இன்னொரு பகுதி உண்டு. ஒவ்வோர் ஆய்வகத்திலும் சில சின்னக் குப்பிகளைக் கொடுத்துவிட்டு வருவோம். சிலவற்றில் டெங்கு இருக்கும், சிலவற்றில் இருக்காது. எது எது என்று எங்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் பரிசோதித்து முடிவை அனுப்ப வேண்டும். பரீட்சை மாதிரிதான். குப்பிகளைக் கையில் வாங்கிய லேப் அக்கா அவற்றை இரண்டு தடவை எண்ணினார். பரீட்சை என்றால் யாருக்கும் பதற்றம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த வெள்ளைத் துண்டுகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஃப்ரிட்ஜுக்குள் எதற்குத் துண்டு?

அது மழைக்காலம் தொடங்கிய சமயம். சுற்று வட்டாரத்தில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஆலங்குடிப் பக்கத்து ஆய்வகங்களில் டெங்கு வந்துகொண்டிருந்தது. அறந்தாங்கிப் பக்கமும் அப்படியே. நடுவில் இருந்த இந்த ஒரு ஆய்வகத்தில் மட்டும் ஒருவருக்குக்கூட இல்லை. கொசு இந்த ஊரை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறதா?

சில நாளில் குப்பிகளின் முடிவு வந்தது. எல்லாமே சரி. ஒன்றில் கிருமி மிகக் குறைவாக இருக்கும்படி வைத்திருந்தோம். நல்ல வசதியுள்ள ஆய்வகங்களே அதைக் கோட்டை விட்டிருந்தன. இவர்கள் அதையும் பிடித்திருந்தார்கள். என் மேலதிகாரி சந்தோஷப்பட்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், எதையும் சட்டென்று முடித்துவிடப் பார்ப்பவர்.

"நல்ல லேபுன்னு எழுதி முடிச்சுர வேண்டியதுதானே?"

"வர்ற காய்ச்சக்காரங்க ஒருத்தருக்கும் டெங்கு இல்லன்னு சொல்ற லேப், நான் குடுத்த குப்பியில மட்டும் எப்பிடி சார் கண்டுபிடிச்சுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்களுக்கு எதுலயும் திருப்தி கிடையாதும்மா. மார்க் கொறஞ்சாலும் சந்தேகம், கூடுனாலும் சந்தேகம். அந்த லேபுக்கு நல்ல மார்க் போட்டீங்கன்னா அதோட முடிஞ்சிரும். இல்லன்னா..."

"இல்லன்னா என்ன சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கைபேசியில் எதையோ தேட ஆரம்பித்தார். அந்த 'இல்லன்னா' எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை அந்த ஆய்வகத்தின்மீது மட்டும் இருந்த சந்தேகம், அன்றைக்கு முதல்முறையாக என் சொந்த அலுவலகத்தின் பக்கமும் திரும்பியது.

சொல்லாமல் கொள்ளாமல் போவது என்று முடிவு செய்தேன். ஆபீஸ் காரைக் கேட்கவில்லை. கார் கிளம்பினால் அது போய்ச் சேருமுன் போன் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். டெங்கு இருப்பது உறுதியான ஒரு குப்பியையும், நன்றாகப் பாதுகாத்த சில பரிசோதனை அட்டைகளையும் ஐஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "ஐஸ்கிரீமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்வரை பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். ஆய்வகத்துக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் காய்ச்சல்காரர்கள் சாய்ந்தும் சுருண்டும் கிடந்தார்கள். உள்ளே லேப் அக்கா ஒரு பெண்ணுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியை எடுத்த கை அப்படியே நின்றது. பிறகு பஞ்சை வைத்து அழுத்தி, "இறுக்கிப் புடிச்சுக்கங்க, வெளிய உக்காருங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாங்க மேடம். சொல்லியிருந்தா..."

"சொல்லல" என்றேன்.

நேரே ஃப்ரிட்ஜுக்குப் போய்த் திறந்தேன். குளிர் இல்லை. வெந்த அட்டைப்பெட்டியின் நெடி வந்தது. அன்றைக்குப் பார்த்த வெள்ளைத் துண்டுகள் இல்லை.

"கரெண்டு இப்பத்தான் போச்சு மேடம்" என்றார்.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். சிரிப்பும் வந்தது, அதுவும் உண்மை.

நான் மேசையில் இரண்டு அட்டைகளை வைத்தேன். ஒன்று அவருடைய ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது, ஒன்று நான் கொண்டுவந்தது. இந்த அட்டையைப் பார்த்திருப்பீர்கள். கொரோனாவுக்கு வீட்டிலேயே பார்த்துக்கொண்டோமே, அதே மாதிரிதான். சொட்டு விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் ஒரு கோடு விழும். அது, அட்டை வேலை செய்கிறது என்பதற்கு. நோய் இருந்தால் பக்கத்தில் இரண்டாவது கோடும் விழும். ஒரே குப்பியிலிருந்து இரண்டு அட்டையிலும் சொட்டு விட்டேன். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் அட்டைகளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. அவர் அட்டையில் ஒன்று.

"நான் குடுத்துட்டுப் போன குப்பியை எல்லாம் யார் டெஸ்ட் பண்ணுனது?" என்று கேட்டேன்.

அவர் என் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "என்கூடப் படிச்ச புள்ள ஒண்ணு அறந்தாங்கியில பிரைவேட் லேப்ல இருக்கு மேடம். அதுகிட்டக் குடுத்து வாங்குனேன்" என்றார்.

"அன்னைக்கு ஃப்ரிட்ஜு எப்பிடி ஜில்லுன்னு இருந்துச்சு?"

"தடுப்பூசி ரூம்ல இருந்து ஐஸ் பேக் எடுத்துட்டு வந்து துண்டுல சுத்தி வச்சோம். டாக்டருக்கும் தெரியும்."

"அப்ப இந்த அட்டை கெட்டுப்போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியாது மேடம்!" என்று சட்டென்று நிமிர்ந்தார். "சத்தியமாத் தெரியாது. ஒத்தக் கோடு விழுகுதுல்ல? கோடே விழலன்னா தூக்கிப் போட்டிருப்பேன். ஒத்தக் கோடு விழுந்தா நெகட்டிவ்னுதான படிச்சிருக்கோம்." பிறகு குரல் இறங்கியது. "சந்தேகம் இருந்துச்சு. இம்புட்டுப் பேரு காச்சலோட வாராங்க, ஒருத்தருக்குக்கூட இல்லையேன்னு. கேட்டா என்னாகும்னு பயமா இருந்துச்சு."

கோடை முழுக்க அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஓடாத ஃப்ரிட்ஜுக்குள் அட்டைகள் வெந்திருக்கின்றன. வெந்த அட்டையில் முதல் கோடு பிழைத்துக்கொண்டது, இரண்டாவது செத்துப்போனது. பார்க்கிறவருக்கு அட்டை நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

"ஃப்ரிட்ஜு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பாங்களே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ நான் வேண்டுமென்றே நடிக்கிறேன் என்று நினைப்பவர் மாதிரி.

"போன தடவையும் இப்பிடித்தான் மேடம் ஒரு டீம் வந்துச்சு. ஒங்களமாதிரியேதான், என்ன வேணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறோம்னு. பக்கத்து ஆஸ்பத்திரி லேப்ல இருந்த அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. மிஷின் ஓடல, தண்ணி வரல, கெமிக்கல் இல்லன்னு. ஒரு மாசம் போல ஆச்சு. மிஷின் வருதுன்னு பாத்தா, லேபை மூடுறோம்னு ஆர்டர் வந்துச்சு. இவ்வளவு கொறை இருக்கிற எடத்துல நடத்த முடியாதாம். அந்த அக்காவ எங்கிட்டோ தூக்கிப் போட்டாங்க. அந்த ஊருச் சனம் இப்ப சுகர் பாக்கக்கூட பஸ் ஏறித்தான் போகணும். எங்க வீட்டுக்காரரு கத்தார்ல இருக்காரு. வீட்டுல மாமனாரு நடக்க முடியாதவரு. என்னைத் தூக்கிப் போட்டா நான் என்ன மேடம் செய்வேன்?"

எனக்கு என் மேலதிகாரியின் 'இல்லன்னா' ஞாபகம் வந்தது.

அப்போதுதான் வெளியே பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து போவது ஜன்னல் வழியே தெரிந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் வேலை பார்ப்பவள் என்று பிறகு தெரிந்தது. கண்ணெல்லாம் சிவந்து, மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாமியார் கையில் ரிசல்ட்டு தாள்.

"அவங்களுக்கு என்ன ரிசல்ட்டு?" என்று கேட்டேன்.

"நெகட்டிவ்" என்றார் லேப் அக்கா. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் வெளியே ஓடினேன். வாசலருகே அவர்களைப் பிடித்து, இந்த ரிசல்ட்டு சரியில்லாமல் இருக்கலாம், புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு தடவை பாருங்கள், உடனே போங்கள் என்றேன்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

சொன்னேன். அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, என் முகத்தையும் போட்டோவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கெவருமெண்டு ஆசுபத்திரியில ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க இருக்குங்கிறீங்க. எந்த ஆசுபத்திரிக்கு ஆளு புடிக்கிறீங்க?"

"பெரியாஸ்பத்திரியும் கவர்மெண்டுதாம்மா. காசு கிடையாது."

"மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவீக."

மருமகள் அதற்குள் தூணோரம் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டெங்கு என்றால் வயிற்றுவலி ஆபத்தான அறிகுறி; அது எனக்கு நல்லதாகப் படவில்லை. மாமியார் கைபேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார். மகன் துபாயில். வீடியோவில் வேலைத்தொப்பி போட்ட ஒரு முகம் தெரிந்தது, பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். மாமியார் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"யாருங்க நீங்க? எங்கம்மா படிக்காதவங்கன்னு பேசிக்கிட்டு இருக்கீங்களா? நேத்து வரைக்கும் ஒண்ணும் இல்லன்னாங்க, இன்னைக்கு டெஸ்ட்லயும் இல்லன்னுருக்கு. ஒங்க பேரு என்ன, ஒங்களுக்கு எவ்வளவு கமிஷன்? இந்தா பாருங்க, இதை ரெக்கார்டு பண்றேன்."

"பண்ணுங்க தம்பி. ஆனா அவங்களக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"எதுக்குன்னு சொல்லுங்க! டெஸ்ட்டு தப்புன்னா டெஸ்ட்டு எடுத்தவங்க சொல்லட்டும். நீங்க யாரு சொல்றதுக்கு?"

அவர் கேட்டது நியாயம்தான். யாரோ ஒருத்தி, கையில் ஐஸ் பெட்டியோடு வந்து, அரசாங்கத் தாளைப் பொய் என்கிறாள். அவர் இடத்தில் நான் இருந்தால் என்னை இன்னும் அதிகமாகத் திட்டியிருப்பேன். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ, "இப்பிடித்தான் ஊருக்குள்ள திரியிறாளுக" என்பது காதில் விழுந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. லேப் அக்கா வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மருத்துவரும் வந்துகொண்டிருந்தார். "சிஸ்டர், உள்ள போங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். லேப் அக்கா போகவில்லை. கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார்.

"தம்பி, நான்தான் லேப் அக்கா பேசுறேன். தெரியுதா?"

"சொல்லுங்கக்கா. யாருக்கா இந்தம்மா?"

"அவங்க சொல்றது நெசந்தான். எங்க அட்டை கெட்டுப்போயிருக்கு. நான் குடுத்த ரிசல்ட்ட நம்பாதீங்க. ஒங்க வீட்டுப் புள்ளைய இப்பவே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, வண்டிக்கு நான் சொல்றேன்."

கைபேசியில் இயந்திர இரைச்சல் மட்டும் கேட்டது. கூட்டத்தில் ஒருவர், "அப்ப எங்களுக்குக் குடுத்த ரிசல்ட்டு?" என்று கேட்டார். லேப் அக்கா அவர் பக்கம் திரும்பி, "அதையும்தான்" என்றார். மருத்துவர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, குனிந்து அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்தார். பிறகு அவரே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அன்று பிற்பகல் முழுக்க நான் அந்த ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். லேப் அக்கா, சமீபத்தில் வந்துபோன காய்ச்சல்காரர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "ரிசல்ட்டு தப்பா இருக்கலாம், திரும்ப வாங்க." சிலர் திட்டினார்கள். ஒருவர், "எலக்சனுக்கு ஆள் சேக்குறீங்களா?" என்று கேட்டார். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல அட்டைகள் வரவழைத்தோம். மறுநாளிலிருந்து வந்தவர்களில் சிலருக்கு இரண்டு கோடு விழுந்தது. ஒரு வாலிபர் காய்ச்சலோடேயே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவர் கடைசிவரை கைபேசியை எடுக்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது.

பூ மார்க்கெட் பெண்ணுக்கு டெங்குதான். பெரியாஸ்பத்திரியில் சேர்த்த அன்று ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. பிழைத்துக்கொண்டாள். நான் பார்க்கப் போனபோது மாமியார் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஆனால், கிளம்பும்போது, "நெசமாவே ஒங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று சொல்லத் தெரியவில்லை.

இனி என் அறிக்கை. மேலதிகாரி அதைப் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இதை மேல அனுப்புனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"என்ன ஆகும் சார்?"

"இந்த லேபை வேற லேபோட சேக்கச் சொல்லுவாங்க."

"மூடச் சொல்லுவாங்கன்னு சொல்லுங்க."

"சேக்கிறதுன்னுதான் பேரு."

"அப்ப அந்த லேப் பொண்ணு பயந்தது சரிதான். சார், நேராவே கேக்குறேன். என்ன தேவைன்னு கேக்கத்தான் போறேன்னு நெனச்சு நான் ஊர் ஊராப் போறேன். எதை மூடலாம்னு பாக்கத்தான் என்னை அனுப்புறீங்களா?"

அவர் அறிக்கையை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தார். பிறகு, "அப்பிடி யாரும் எழுத்துல சொல்லல" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இல்லை என்று அவர் சொல்லவில்லை. எழுத்தில் இல்லை என்றுதான் சொன்னார்.

அறிக்கையை வாங்கிக்கொண்டு வந்து திருத்தி எழுதினேன். நடந்த எதையும் மறைக்கவில்லை; ஐஸ் பேக்கையும் எழுதினேன், குப்பிகள் அறந்தாங்கி போனதையும் எழுதினேன். ஆனால் முதல் பக்கத்தில் வேறொன்றை வைத்தேன். இந்த ஆய்வகத்தை மூடினால் இன்னின்ன ஊர்க்காரர்கள் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள், போகாதவர்களின் காய்ச்சல் என்ன என்று யாருக்குத் தெரியும் என்று எழுதினேன். குறையைச் சொன்னவர்களின் ஆய்வகத்தை மூடினால் இனி எந்த ஆய்வகமும் உண்மை சொல்லாது, நாங்கள் எடுக்கிற கணக்கு அத்தனையும் வீண் என்றும் எழுதினேன். அதை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. மாவட்டக் கூட்டத்தில் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தபோது அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஆய்வகத்தை மூடவில்லை. புது ஃப்ரிட்ஜ் வந்தது, கரண்ட் ஏறி இறங்கினால் தாங்குகிற ஸ்டெபிலைசரோடு. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தட்டி அடித்தார்கள். லேப் அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள், மாற்றவில்லை. மருத்துவர் மேற்படிப்புக்குப் போய்விட்டார். அவராகப் போனதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். லேப் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் நாற்காலி போடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. புது ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். பிறகு கேட்டார்.

"இனிமே எதுனாச்சும் கெட்டுப்போனா சொல்லலாமா மேடம்?"

"சொல்லுங்க. கட்டாயம் சொல்லணும்."

"சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். "எனக்கு போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்றார். இதுவரை அழைப்பு வரவில்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறதா, இல்லை மறுபடி ஏதாவது துண்டு சுற்றி வைத்திருக்கிறாரா என்று அவ்வப்போது தோன்றும். அதனால் எப்போதாவது அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் நானே ஏறிவிடுகிறேன்.

புது ஃப்ரிட்ஜ் வந்த செய்தி மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு நான் போகும் ஆய்வகங்களில் யாரும் எல்லாம் சரி என்று சொல்வதில்லை. உள்ளே நுழைந்ததுமே குறைகளை அடுக்குகிறார்கள். போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற இயந்திரத்தைக் காட்டி, "இது செத்துப்போயி ரொம்ப நாளாச்சு மேடம், புதுசுதான் வேணும்" என்றார் அங்கிருந்தவர். நான் பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். இயந்திரம் ஜோராகச் சுற்றியது. அவர் அதையே வெறித்துப் பார்த்துவிட்டு, "அட, இன்னைக்கு ஓடுதே" என்றார்.

நான் அறிக்கையில் 'ஓடுகிறது' என்று எழுதிவிட்டு, அவர் கொண்டுவந்த டீயைக் குடித்தேன்.